ஒன்றும் ஒன்றும் எப்போதும் இரண்டல்ல

"பேட்டரி ரெண்டைச் சேர்த்துக் கட்டு சார், பவர் ரெண்டு மடங்கு." தங்கச்சிமடத்தில் டீக்கடையிலிருந்து படகுத்துறை வரை இதுதான் வேதவாக்கு. நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். இரட்டைப் பிள்ளைகளைப் போல இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டுமே அந்தக் கணக்கு சரி.

நான் படித்தது பிரெஞ்சு வழி. வாத்தியார் கரும்பலகையில் "ஆன் சேரி", "ஆன் பரலேல்" என்று எழுதிப்போடுவார். நம் தமிழில் தொடர் இணைப்பு, பக்க இணைப்பு. மொழி எதுவானாலும் விதி ஒன்றுதான். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். தொடராகக் கட்டினால் 24 வோல்ட், அதே 100 ஆம்பியர்-மணி. பக்கமாகக் கட்டினால் அதே 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி. இரண்டு வழியிலும் இருப்பு 2,400 வாட்-மணிதான்.

ஆனால் நம் ஊரில் நடப்பது என்ன? நான்கு வருஷப் பழைய பேட்டரியோடு நேற்று வாங்கியதைச் சேர்க்கிறார்கள். புதியது 12.7 வோல்ட்டில் நிற்க, இறங்கிப்போன பழையது 11.7. வித்தியாசம் ஒரு வோல்ட்தானே என்பீர்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள மின்தடை 0.02 ஓம் என்றால், சேர்த்த நொடியில் 50 ஆம்பியர் பாயும். பியூஸ் இல்லாவிட்டால் வயர் உருகலாம். சார்ஜ் ஏறும்போது வரும் ஹைட்ரஜன் பக்கத்தில் ஒரு பொறி விழுந்தால் பேட்டரியே வெடிக்கும். இதைத்தான் காற்றோட்டமில்லாத மாடிப்படி அடியிலும் படகின் எஞ்சின் அறையிலும் வைக்கிறோம். நடுக்கடலில் தீப்பிடித்தால் எங்கே ஓடுவது?

ரிப்பேர் கடை மேஜையில் இருக்கும் பவர் சப்ளைக்கும் இதே புத்தி வேண்டும். இரண்டைப் பக்கமாகக் கட்டினால், வோல்ட் ஒரு துளி கூடுதலாக வைத்தது முழுச் சுமையையும் தூக்கும். மற்றது சும்மா நிற்கும். தொடராகக் கட்டும்போது இரண்டின் மைனஸும் எர்த்தோடு சேர்ந்திருந்தால், ஒன்று நேராக ஷார்ட் ஆகும்.

சேர்ப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. நம் மாவட்டத்துக் கமுதியில் 2016 முதல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் ஓடுகிறது. பல லட்சம் பலகைகளின் கூட்டு அது. இத்தகைய நிலையங்களில் ஒரே வகைப் பலகைகளைச் சரமாகக் கோத்து, பிறகு சரங்களைப் பக்கமாகச் சேர்க்கிறார்கள். நடுவே பியூஸ் காவல் நிற்கிறது.

"பத்து வருஷமா இப்படித்தான் ஓடுது" என்பார் மெக்கானிக். அது அதிர்ஷ்டம், விதியல்ல. அவரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். இரண்டும் ஒரே வகை, ஒரே வயதா? சேர்க்கும் முன் வோல்ட் அளந்தாயா? ஒவ்வொன்றுக்கும் தனி பியூஸ் உண்டா? ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் வயரைத் தொட விடாதீர்கள்.