காதுக்கு ஒரு கதவு

கடலோசை இரவு பகலாக ஒலித்துக்கொண்டிருக்கும் ஒலுவில், பாலமுனை, நிந்தவூர் முதலிய ஊர்களிலே பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஓசை என்பது புதிய பொருளன்று. ஆயினும் அலையோசை தாலாட்டாகும். ஆகாய விமானத்தின் இரைச்சல் அவ்வாறாவதில்லை. இரவு பஸ் வண்டியிலே கட்டுநாயக்கா சென்று, அங்கிருந்து டோஹாவுக்கோ ரியாத்துக்கோ ஏறத்தாழ 5 மணி நேரம் பறக்கும் பிள்ளைகள் நம் கரையிலே எத்தனை பேர்! இறங்கிய மறுநாளே அவர்கள் வேலைக்குச் செல்ல வேண்டும். இடையிலே சிறிது உறங்கினாற்கூடப் பெரும் பேறு.

இவர்களுக்காகவும், கந்தோரிலும் பல்கலைக்கழக விடுதியிலும் அமைதியைத் தேடுவோருக்காகவும், இரைச்சலை விலக்கும் ஹெட்போன்கள் இன்று கடைகளிலே குவிந்து கிடக்கின்றன. சில ஆயிரம் ரூபாவுக்கும் கிடைக்கின்றன. இலட்சம் ரூபாவைத் தாண்டியும் விற்கப்படுகின்றன. வியர்வை சிந்தி உழைத்த பணத்தை எதிலே போடுவது என்பதை அறிந்து போடுவதே முறை.

இக்கருவியின் தத்துவம் புதியதன்று. பவுல் லூயெக் என்னும் ஜெர்மானியர் 1930களிலேயே இதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். கடலிலே ஓர் அலையின் மேடும் மற்றோர் அலையின் பள்ளமும் ஒரே இடத்திற் சந்தித்தால், ஒன்றையொன்று அழித்து நீர் மட்டமாகும் அல்லவா? ஒலியும் அலையே. ஹெட்போனிலுள்ள சிறிய மைக் வெளி இரைச்சலைக் கேட்டதும், அதற்கு நேர்மாறான அலையை உள்ளிருக்கும் மின்கருவி உண்டாக்குகிறது. இரண்டும் காதருகே கூடி அடங்கிவிடுகின்றன.

இதனை நடைமுறைக்குக் கொணர்ந்தவர்களுள் முதன்மையானவர் அமர் போஸ். வங்காளத்திலே ஆங்கிலேயரை எதிர்த்துப் போராடி, பின்னர் அமெரிக்கா சென்று குடியேறியவரின் மகன் இவர். 1978ஆம் ஆண்டில் சூரிச்சிலிருந்து பொஸ்டனுக்குப் பறந்தபோது, விமானத்தில் அளிக்கப்பட்ட ஹெட்போனிலே சங்கீதம் கேட்க முயன்றார். இரைச்சல் சங்கீதத்தை விழுங்கியது. அந்தப் பிரயாணத்திலேயே காகிதத்தை எடுத்துக் கணக்கிடத் தொடங்கினார். 1989இல் விமானிகளுக்கான கருவி விற்பனைக்கு வந்தது. பொதுமக்கள் கைக்கு அது வர 2000ஆம் ஆண்டாயிற்று.

இனி, வாங்குவோர் கவனிக்க வேண்டியவற்றைக் காண்போம்.

முதலாவது, இக்கருவி எல்லா ஓசையையும் அழிக்கும் என்று எண்ணுதல் கூடாது. எந்திரத்தின் உறுமல், குளிரூட்டியின் முழக்கம், பஸ்ஸின் அதிர்வு போன்ற மாறாத தாழ்ந்த ஓசைகளையே இது நன்கு அடக்கும். குழந்தையின் அழுகையும் பக்கத்து மேசைக்காரரின் பேச்சும் குறையுமேயன்றி மறையா. அவற்றைத் தடுப்பது காதை மூடும் மெத்தையே. ஆகவே மெத்தை இடைவெளியின்றிப் பொருந்துகிறதா என்று பாருங்கள். மூக்குக் கண்ணாடி அணிவோர் அதனை அணிந்தே சோதிக்கவேண்டும். தலையை முக்காட்டால் மறைக்கும் பெண்களுக்கு, துணியின்மேல் வைக்கும் பெரிய வகை சரியாகப் பொருந்துவதில்லை. காதுக்குள் செருகும் சிறிய வகையே ஏற்றது. அதனுடன் வரும் இறப்பர் முனைகள் மூன்று அளவுகளிலேனும் இருத்தல் நலம். நமது கரையின் வெக்கைக்கும் அது இதமானது.

இரண்டாவது, பெட்டியின்மேல் அச்சிட்டிருப்பதை நிதானமாகப் படியுங்கள். ‘ஏ.என்.சி.’ என்றிருந்தால் உங்கள் காதுக்கு வரும் இரைச்சல் குறையும். ‘ஈ.என்.சி.’ என்று மட்டும் இருந்தால், தொலைபேசியில் உங்கள் குரலைக் கேட்பவருக்குத்தான் இரைச்சல் குறையும்; உங்களுக்கு யாதொரு பயனும் இல்லை. ஓரெழுத்து மாற்றத்தால் ஏமாந்தவர் பலர். ஆனால் கந்தோரிலே நாள் முழுதும் தொலைபேசியிற் பேசுவோருக்கு இரண்டாவதும் அவசியமே.

மூன்றாவது, கம்பி செருகும் வசதி உண்டா என்று கேளுங்கள். விமானத்தின் திரையிலிருந்து வரும் ஒலியைக் கேட்கப் பெரும்பாலும் கம்பியே வேண்டும். மின்கலம் ஒரு தடவை ஊட்டினால் 20 மணி நேரமேனும் நிலைக்கும் பெரிய வகைகள் உள. சிறிய வகை அத்துணை நேரம் நிற்பதில்லை.

உம்றாவுக்குப் புறப்படும் உம்மாவுக்கு அமைதியாக உறங்கினாற் போதுமெனில், இவை ஒன்றும் வேண்டியதில்லை. மருந்துக் கடையில் விற்கும் பஞ்சு போன்ற காதடைப்பான் ஒரு சோடி போதும். விமானம் இறங்கும்போது உண்டாகும் காதுவலி காற்றழுத்தத்தால் வருவது; அதனை எந்த ஹெட்போனும் தீர்க்காது. எச்சிலை விழுங்குவதும் கொட்டாவி விடுவதுமே பரிகாரம்.

விலையைவிடப் பெரிய விஷயம் ஒன்றுண்டு. உட்செவியிலே ஒலியை உணரும் மயிர்க்கலங்கள் ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 15,000 உள்ளன. அழிந்தால் அவை மீண்டும் முளைப்பதில்லை. வளர்ந்தவர் ஒருவர் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறுந்தோறும் அந்த நேரம் பாதியாகக் குறையும். விமானத்தின் இரைச்சலே 80 டெசிபலை ஒட்டியிருப்பதால், சாதாரண ஹெட்போன் அணிந்தவர் அதனை மேவிக் கேட்க ஒலியைக் கூட்டுகிறார். 90 டெசிபல் வரை கூட்டினால் வாரம் முழுமைக்கும் 4 மணி நேரமே அளவு. டோஹா சென்று இறங்குமுன் ஒரு வாரத்தின் பங்கு தீர்ந்துவிடும்! இரைச்சலை விலக்கும் கருவியின் உண்மைப் பயன், ஒலியைக் குறைத்துக் கேட்க இடமளிப்பதேயாகும். அதை வாங்கிய பின்னும் ஒலியைக் கூட்டி வைப்பவர் பணத்தையும் இழக்கிறார், செவியையும் இழக்கிறார்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. தென்கிழக்குப் பல்கலைக்கழக விடுதியில் விரிவுரைப் பதிவைக் கேட்க இதனை அணிவது நன்றே. ஆனால் அக்கரைப்பற்று–கல்முனை வீதியைக் கடக்கும்போது கழற்றிவிடுங்கள். பின்னால் வரும் பஸ்ஸின் உறுமலே இக்கருவி முதலில் அடக்கும் ஓசை என்பதை மறவாதீர்கள். விமானப் பணியாளரின் அறிவிப்பு வரும்போதும், வீட்டில் வாப்பாவும் உம்மாவும் பேசும்போதும் அவ்வாறே.

திருவள்ளுவர் ‘கேள்வி’ என்று ஓர் அதிகாரமே வகுத்து வைத்தார். கண்ணுக்கு இமை தந்த இயற்கை காதுக்குக் கதவு தரவில்லை. மனிதன் செய்துகொண்ட இக்கதவை எப்போது சாத்துவது, எப்போது திறப்பது என்பதை அறிந்து வாங்குங்கள், அன்பர்களே.