வாய்வாளாமை சம்மதமாகுமா?

'டாசிட்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு 'மௌன சம்மதமான' என்று கரும்பலகையில் எழுதிப் போடும் ஆசிரியர் இன்றும் உளர். அச்சொல்லின் வேரில் சம்மதத்தின் சாயல்கூட இல்லை. பேசாதிருத்தலைக் குறிக்கும் 'தக்கேரே' என்னும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது அது. 'டாசிடர்ன்', 'ரெடிசென்ட்' ஆகியவை அதன் உடன்பிறப்புகள். 'சைலன்ஸ்' வேறு குடும்பத்தது. 'சிலேரே' என்பதன் வழி வந்தது. இரவு ஓசையற்றுக் கிடப்பதற்குச் சிலேரே பொருந்தும். தக்கேரேயோ, பேச வாயிருந்தும் பேசாதவனையே பெரும்பாலும் குறித்தது.

பின், சம்மதம் எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது? சட்டத்திலிருந்து வந்தது. 1298இல் போப்பாண்டவர் எட்டாம் போனிபேஸ் வெளியிட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பில், பேசாதவன் இசைந்தவனாகக் கருதப்படுவான் என்னும் நெறி இடம்பெற்றது. வடமொழியிலும் இதற்கு நிகரான முதுமொழி உண்டு. நாம் அதைத் தமிழ்ப் பழமொழி என்றே எண்ணி வழங்கி வருகிறோம். ஆனால் ஆங்கிலேய நீதிமன்றமே 1862இல் இதற்கு மாறாகத் தீர்ப்பளித்தது. உடன்பிறந்தார் மகனின் குதிரையை விலைபேசிய ஒருவர், மறுமொழி வராவிடில் குதிரை தமக்கே உரியது என்று எழுதியனுப்பினார். மறுமொழி வரவில்லை, அது உடன்பாடு ஆகாது என்றது மன்றம்.

தமிழ் நூல்களைப் புரட்டினால் வழக்கு இன்னும் தெளிவாகும். நன்னூலார் கூறும் எட்டு விடைகளுள் உடன்படுதலுக்கு 'நேர்' எனத் தனி விடையே உண்டு. மணிமேகலையின் முப்பதாம் காதையோ பௌத்த அளவை வழி நால்வகை விடை கூறி, வாய்வாளாமையை நான்காவதாக வைக்கிறது. வானத்துப் பூ பழையதா புதியதா என்று ஒருவன் வினவினால், மாற்றம் உரையாதிருத்தலே அதற்கு விடை. அங்கே பேசாமை இசைவன்று; வினாவே பிழை என்னும் மறுப்பு!

இது வெறும் சொல்லாராய்ச்சியா? பேராக் தோட்டங்களின் பெரட்டுக் களத்தில், துரையும் கிராணியும் நிற்க, வாய் திறவாது நின்றோரைச் சம்மதித்தவர் என்று கொண்ட காலம் ஒன்று இருந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, துரையைக் கண்டதும் மிதிவண்டியைவிட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் கோரிக்கைகளுள் ஒன்றாயிற்று. அதற்குமுன் வாய் பேசாது இறங்கியவர்கள் மனமொப்பியா இறங்கினார்கள்?

அத்தலைமுறையின் வழித்தோன்றல்கள் இன்று ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர். "விளங்கிற்றா?" என்கிறார் ஆசிரியர். வகுப்பு வாய்வாளாதிருக்கிறது. அவர் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்.

'டாசிட்' என்பதற்கு 'உட்கிடையான' என்று எழுதலாம். இசைவு மெய்யாகவே உள்ள இடத்தில் 'சொல்லா உடன்பாடு' என இரு சொல்லாகப் பிரித்து எழுதட்டும். உடன்பாடு எங்கே இருக்கிறது என்று மாணவன் தேடிப் பார்ப்பான்.