தாளை முதலில், நிறத்தைப் பிறகு

1855-இல் லண்டனின் டி லா ரூ நிறுவனம் இந்தியாவுக்காக எட்டணாத் தபால்தலை ஒன்றை அச்சிட்டது. நிறம் கார்மைன் எனப்படும் அடர்சிவப்பு. நடுவில் விக்டோரியா அரசியின் தலை. முதலில் அது வழவழப்பான நீலத் தாளில் வந்தது. பின்னர் வெள்ளைத் தாளுக்கு மாறியது. 1865-இல் வெள்ளைத் தாளுக்குள் யானைத்தலை நீர்க்குறியும் சேர்ந்தது. படமும் விலையும் மாறவில்லை. நிறமும் ஏறக்குறைய அதேதான். ஆயினும் சேகரிப்பாளர்கள் இவற்றை மூன்று தனித்தனித் தபால்தலைகளாகவே கொள்கிறார்கள்.

நீர்க்குறி என்பது காகிதக்கூழ் தாளாகும்போதே உள்ளே பதியும் அடையாளம். அது பதிந்த இடத்தில் தாள் சற்று மெலிந்திருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் சில சமயம் தெரியும். தெரியாவிட்டால், கருப்புத் தட்டில் தபால்தலையைக் கவிழ்த்து வைத்து, இதற்கென்றே விற்கும் திரவத்தைச் சில சொட்டு விடுவார்கள். மெலிந்த இடம் கருமையாக எழும்பும். தண்ணீரை மட்டும் பயன்படுத்தக் கூடாது. பழைய சாயங்களில் சில கரைந்துவிடும்.

தாள் நீலமாக இருப்பதாலேயே அது நீலத் தாள் என்று முடிவு கட்டவும் முடியாது. பிரிட்டனின் சிவப்புப் பென்னி இதற்கு நல்ல சான்று. 1840-இல் வந்த கருப்புப் பென்னியின்மேல் குத்திய சிவப்பு முத்திரையை அழித்துவிட்டு மறுபடி ஒட்ட முடிந்தது. அதனால் 1841-இல் தபால்தலை சிவப்பாகவும் முத்திரை கருப்பாகவும் மாறின. அச்சிடும்போது தாள் ஈரமாக இருந்தது. மையில் கலந்திருந்த பொட்டாசியம் உப்பு ஒன்று அந்த ஈரத் தாளோடு வினைபுரிந்து, வெள்ளைத் தாளை நீலம் பாரிக்கச் செய்தது. சாயம் ஏற்றிய தாளில் நீலம் சீராகப் பரவியிருக்கும். இதிலோ திட்டுத்திட்டாக இருக்கும். சிலவற்றின் பின்பக்கத்தைத் திருப்பினால், நீலத்துக்கு நடுவே அரசியின் தலை மட்டும் வெள்ளையாகத் தெரியும். மை குறைவாகப் பட்ட இடம் அது. சேகரிப்பாளர்கள் அதைத் தந்தத் தலை என்கிறார்கள். 1850-களின் பிற்பகுதியில் இந்த நீலம் மறைந்து, ரோஜாச் சிவப்பு வெள்ளைத் தாளில் வரத் தொடங்கியது. ஆகவே சிவப்புப் பென்னியின் காலத்தைக் கணிக்க முன்பக்கம் மட்டும் போதாது. பின்பக்கத்தையும் பார்த்தாக வேண்டும்.

நிறத்தைப் பிறகு பார்ப்பதற்குக் காரணம் உண்டு. அது தாளைவிட எளிதில் மாறும். வெயில் பட்டால் வெளிறும். ஈயம் கலந்த கிச்சிலி நிற மை, காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் பழுப்பாகிவிடும். அதைப் புதுச் சாயலென்று நம்பி வாங்கியவர்களும் உண்டு. மஞ்சள் விளக்கின் கீழே பார்க்கும் சிவப்பும் பகல் வெளிச்சத்தில் பார்க்கும் சிவப்பும் ஒன்றல்ல. நேர்வெயில் படாத சன்னலோரம் இதற்கு ஏற்ற இடம்.

அச்சிட்ட வண்ண அட்டைகள் உதவும். ஆனால் முத்திரையில் தேதி தெளிவாக விழுந்த மலிவான பழைய தபால்தலைகள் சிலவற்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது அதைவிட நம்பகமானது என்று தோன்றுகிறது. அவை கிழிந்திருந்தாலும் பாதகமில்லை.