கைலியும் எழுபது டாலரும்

"சித்திக்கு ஒரு ப்ளவுஸ் வாங்கிண்டு வந்திருக்கேன்!"

நியூ ஜெர்சியிலிருந்து இரண்டு வார லீவில் வந்திருந்த என் மனைவியின் அக்கா பெண் இப்படி அறிவித்ததும், எங்கள் நங்கநல்லூர் ஃப்ளாட்டில் சற்று நேரம் நிசப்தம்.

"அளவு ப்ளவுஸ் கொடுத்தனுப்பவே இல்லையேடி... எப்படித் தெச்சே?" என்றாள் மனைவி.

நியாயமான கேள்வி. நம் ஊரில் ப்ளவுஸ் என்பது டெய்லரிடம் அளவுக்கு ஒன்று கொடுத்து, "நாளைக்கு ரெடிம்மா" என்று நாலு நாளைக்குக் கேட்டு, வாங்கி வந்து போட்டுப் பார்த்தால் கை ஏறாமல், மறுபடி பிரிக்கக் கொடுக்கிற சமாசாரம். லைனிங், ஹூக்கு எல்லாம் வைத்து முடித்தால் காற்றுகூட அனுமதி வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும்.

அமெரிக்காவில் ப்ளவுஸ் வேறு ரகம் போலிருக்கிறது. பெட்டியிலிருந்து வெளியே வந்தது ஒரு தொளதொள மேல்சட்டை. கை இரண்டும் யானைக் காது மாதிரி. உள்ளே இன்னொருத்தரைக் குடிவைத்து வாடகை வாங்கலாம். சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகக் கட்டம் கட்டமாகத் துணி.

அந்தத் துணியை எங்கேயோ பார்த்திருக்கிறேன். எங்கே, எங்கே என்று யோசித்தேன். பிறகு குனிந்து பார்த்தேன்.

என் இடுப்பில் இருந்தது.

"என்னம்மா இது, என் கைலியைக் கிழிச்சுத் தெச்ச மாதிரி இருக்கே?"

"சித்தப்பா! இது மெட்ராஸ். லேபிளைப் பாருங்கோ."

பார்த்தேன். 'மெட்ராஸ்' என்றுதான் போட்டிருந்தது. விலை 70 டாலர். ஏறக்குறைய ஆறாயிரம் ரூபாய். என்னுடையது குடியாத்தம் கைலி, இருநூற்றைம்பது ரூபாய். பேரம் பேசியிருந்தால் இன்னும் குறைந்திருக்கும்.

இந்த இடத்தில் கொஞ்சம் சரித்திரம். பயப்படாதீர்கள், பரீட்சை கிடையாது.

வெள்ளைக்காரன் 1639-ல் இங்கே வந்து மணலில் இடம் பிடித்தது மெரினாவில் சுண்டல் சாப்பிட அல்ல. இந்தப் பக்கத்துத் துணி மலிவு, நயம். அதற்காகத்தான். நெசவாளிகளைக் குடிவைக்கவென்றே 1734-ல் ஒரு பேட்டையை ஏற்படுத்தினார்கள். சின்னத் தறிப்பேட்டை என்பதுதான் இன்று நாம் மீன் வாங்கப் போகும் சிந்தாதிரிப்பேட்டை. நம் கட்டம் போட்ட துணி இங்கிருந்து கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்கா போயிற்று, கரீபியன் தீவுகளுக்குப் போயிற்று. மார்டினிக், செயின்ட் லூசியா, டொமினிகா போன்ற தீவுகளில் இன்றைக்கும் பெண்கள் திருவிழா என்றால் தலையில் கட்டிக்கொள்வது இந்தத் துணிதான். அங்கே அதற்குப் பெயர் 'மெட்ராஸ்'.

அமெரிக்காக் கதை இன்னும் தமாஷ். 1958-ல் ஜேக்கப்சன் என்றொரு துணி வியாபாரி வந்து, கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயர் என்கிற கண்ணூர்க்காரரிடம் கெஜம் ஒரு டாலர் கணக்கில் பத்தாயிரம் கெஜம் மெட்ராஸ் துணி வாங்கிப் போனார் என்று சொல்வார்கள். "சாயம் போகும், பச்சைத் தண்ணீரில் மெதுவாக அலசணும்" என்று நாயர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினாராம். ஜேக்கப்சன் அந்த ஒரு விஷயத்தை மட்டும் மறந்துவிட்டு, துணியை ப்ரூக்ஸ் பிரதர்ஸுக்கு விற்றார். 1818-லிருந்து அமெரிக்கப் பெரிய மனிதர்களுக்குக் கோட்டு தைத்துக் கொடுக்கும் கம்பெனி அது. அவர்களும் ஜாக்கெட்டும் டிராயருமாகத் தைத்து விற்க, வாங்கினவர்கள் வாஷிங் மெஷினில் போட, உள்ளே இருந்த வெள்ளை பனியன் எல்லாம் ஹோலி கொண்டாடி வெளியே வந்தது.

கேஸ் போடுகிற அளவுக்குப் போயிற்று. கடைசியில் யாரோ ஒரு புத்திசாலி குறையையே பெருமையாகத் திருப்பிப் போட்டுவிட்டார். "சாயம் போகும், அதற்கு கேரண்டி" என்று விளம்பரம்! துவைக்கத் துவைக்கக் கட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று கசிந்து புதுப்புது நிறம் காட்டும் அதிசயத் துணி என்று அமெரிக்கக் காலேஜ் பையன்கள் அடித்துப் பிடித்து வாங்கினார்கள். நாயர் பிற்பாடு ஹோட்டல்கள் கட்டினார். எம்.ஆர்.சி. நகரில் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறதே லீலா, அது அவர் மனைவியின் பெயர்.

இவ்வளவையும் நான் மூச்சுவிடாமல் சொல்லி முடித்ததும், ஊஞ்சலில் இருந்த என் அம்மா (வயது 84) கேட்டாள்:

"ஏண்டா, புதுக் கைத்தறித் துணியை முதல் தடவை உப்புத் தண்ணியில ஊறவெச்சு, தனியாத்தானே அலசணும்? அது தெரியாமலா அத்தனை பெரிய கம்பெனி நடத்தினா?"

பதில் சொல்ல முடியவில்லை.

சாயங்காலம் மொட்டை மாடியில் அடுத்த அதிர்ச்சி. கத்திரி வெயில். டி.வி.யில் நுங்கம்பாக்கம் இத்தனை டிகிரி, மீனம்பாக்கம் இத்தனை டிகிரி என்பார்களே, அதில் மீனம்பாக்கத்துப் பங்கு எங்களுடையது. ஆறு மணிக்கும் தரை கொதித்தது.

"சித்தப்பா, வீக்கெண்ட்னா அங்கே நாங்க சில சமயம் மெட்ராஸ் குடிப்போம்" என்றாள் அந்தப் பெண்.

அம்மா நிமிர்ந்தாள். "2019-ல மெட்ராஸ்ல குடிக்கத் தண்ணி இல்லாம லாரிக்குக் குடத்தோட நின்னோம். இவ மெட்ராஸையே குடிக்கறாளாம்!"

விசாரித்ததில், மெட்ராஸ் என்று நிஜமாகவே ஒரு காக்டெயில் இருக்கிறது. ஒன்றரை அவுன்ஸ் வோட்கா, மூன்று அவுன்ஸ் கிரான்பெர்ரி ஜூஸ், மேலாக ஒரு அவுன்ஸ் ஆரஞ்சு ஜூஸ், ஐஸ். கலக்கக் கூடாது. ஆரஞ்சு நிறம் சிவப்புக்குள் தானாகக் கசிந்து இறங்க வேண்டும். பார்த்தால் சாயம் போகிற அந்தத் துணி ஞாபகம்தான் வரும்.

வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவில் மெட்ராஸ் துணி அமர்க்களப்பட்ட அந்த நாளில் நம் மெட்ராஸில் மதுவிலக்கு. 1937-ல் ராஜாஜி சேலத்தில் ஆரம்பித்து வைத்தது, 1948-ல் மாகாணம் முழுக்க அமலுக்கு வந்து, 1971 வரை நின்றது. "இவர் குடிக்காவிட்டால் உடம்புக்கு ஆகாது" என்று டாக்டர் சர்டிஃபிகேட்டோடு பெர்மிட் வாங்கினவர்களுக்கு மட்டும் விலக்கு. பிறகு 1974-ல் கடைகளை மறுபடி மூடி, மறுபடி திறந்து, 1983-ல் டாஸ்மாக் பிறந்து, 2003-ல் சில்லறைக் கடையையும் அதுவே எடுத்துக்கொண்டது உங்களுக்குத் தெரியும். சிலருக்கு நன்றாகவே தெரியும்.

நான் லேசாகத் தொண்டையைக் கனைத்து, "வோட்கா வேணும்னா... ஒரு கல்ச்சுரல் இன்ட்ரஸ்ட்லதான்..." என்று ஆரம்பித்தேன். மனைவி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். ராஜாஜி சட்டத்தைத் தளர்த்திவிட்டார்கள். இந்தச் சட்டத்தை ரத்து செய்ய எந்த அசெம்பிளியாலும் முடியாது.

ஆக, வோட்கா இல்லாத மெட்ராஸ். சூப்பர் மார்க்கெட்டில் வாங்கின கிரான்பெர்ரி பாக்கெட், ஆரஞ்சு, ஐஸ் கட்டி. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "துளி உப்பும் ஜீரகப் பொடியும் போட்டா நன்னாயிருக்கும்" என்றாள். போட்டோம். நன்றாகத்தான் இருந்தது.

அப்போதுதான் மனைவி கீழே போய், அந்தத் தொளதொள சட்டையைப் போட்டுக்கொண்டு மேலே வந்தாள். கீழே பழைய சல்வார். முகத்தில் கொஞ்சம் வெட்கம். கையை லேசாகத் தூக்கினாள். கடற்கரைக் காற்று அப்போதுதான் கிளம்பியிருந்தது. யானைக் காது இரண்டும் படபடத்தன. சின்னக் குழந்தை மாதிரி ஒரு சுற்று சுற்றினாள்.

"அப்பாடா..." என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

"சூப்பர் சித்தி! இப்படியே கடைக்குப் போய் வரலாமா?"

"போலாமே. கறிகாய் வேற வாங்கணும்."

இங்கேதான் நான் வாயைத் திறந்தேன்.

"இதோடயா? ஆத்துக்குள்ள போட்டுக்கோ, ஒண்ணும் சொல்லலை. தெருவில நாலு பேர் பார்ப்பா... என்ன நினைச்சுப்பா?"

சட்டை படபடப்பது நின்ற மாதிரி இருந்தது. மனைவி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டாள்:

"ஏன்னா, இருபத்தெட்டு வருஷமா கத்திரி வெயில்ல ரெண்டு வேளையும் அடுப்புக்கு முன்னாடி நிக்கறேன். நீங்க ஆபீஸ்லேர்ந்து வந்ததும் சட்டையைக் கழட்டி மாட்டிட்டு ஃபேனுக்குக் கீழே உக்காந்துடறேள். நான் எதைக் கழட்டி மாட்டறது?"

ஃபேன் இல்லாத மொட்டை மாடியில் எனக்கு வியர்த்தது.

யோசித்துப் பாருங்கள். நான் மேலே ஒன்றும் இல்லாமல், இதே கட்டம் போட்ட துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு தெருமுனை வரை போய்ப் பால் பாக்கெட் வாங்கி வருகிறேன். யாரும் ஒன்றும் நினைத்துக்கொள்வதில்லை. அதே துணியில் கழுத்திலிருந்து தொடை வரை மூடித் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு அவள் கத்திரிக்காய் வாங்கப் போனால், நாலு பேர் நினைத்துக்கொள்வார்கள். வீட்டுக்கு வீடு நைட்டிக்கு மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு காய்கறி வண்டிக்கு ஓடி வருகிறார்களே, அந்தத் துண்டு யாருக்காக? அவர்களுக்குக் குளிருகிறது என்றா?

அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"டேய், நீ காலேஜ் படிக்கறச்சே முதல் முதலா கைலி கட்டிண்டு வாசல்ல போய் நின்னே. உங்கப்பா என்ன சொன்னார், ஞாபகம் இருக்கா?"

இருந்தது. "நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பா?" என்றார். நான் மூன்று நாள் சாப்பிடாமல் சத்தியாக்கிரகம் செய்தேன். (இரண்டாம் நாளிலிருந்து நண்பன் வீட்டில் இட்லி.)

"யார் என்னடா நினைச்சா? ஒரு மாசத்துல உங்கப்பாவே ஒண்ணு வாங்கிக் கட்டிண்டார். எங்க பாட்டி ரவிக்கையே போட்டதில்லை. எங்கம்மா போட்டுண்டப்போ ஊரே பேசித்து. இன்னிக்கு ரவிக்கை போடாட்டாப் பேசும். ஊருக்கு எதையாவது பேசணும்டா. நீ போயிட்டு வாடி, எனக்கு வெத்தலை வாங்கிண்டு வா."

போனார்கள். நானும் பின்னாலேயே போனேன், பை தூக்க. ஆஞ்சநேயர் கோயில் பக்கம் சனிக்கிழமைக் கூட்டம். 1995-ல் கும்பாபிஷேகம் ஆன நாளிலிருந்து முப்பத்திரண்டு அடி உயரத்தில் நின்று அவர் நங்கநல்லூரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இதைவிடப் பெரிய விஷயமெல்லாம் பார்த்திருப்பார். பூக்காரம்மா ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். "காத்தோட்டமா கீது இல்ல?" என்றாள். கறிகாய்க் கடைக்காரர் சட்டையைக் கவனிக்கவே இல்லை. பாக்கிச் சில்லறைக்குக் கறிவேப்பிலை கொடுத்தார்.

எங்கள் ப்ளாக் வாசலில், நான் எந்த நாலு பேருக்காகப் பயந்தேனோ, அந்த நாலு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். எதிர் ஃப்ளாட் மாமி எழுந்து வந்து மனைவியின் கைப்பக்கத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

"எங்கே வாங்கினே? எனக்கு ஒண்ணு கிடைக்குமா?"

அன்று ராத்திரி அம்மா மேற்பார்வையில் அந்தச் சட்டை கல்லுப்பு போட்ட தண்ணீரில் தனி வாளியில் ஊறியது. லேசாகச் சிவப்பு இறங்கியது. என் வெள்ளை பனியன்கள் தப்பின.

ஊர் 1996-லேயே சென்னை ஆகிவிட்டது. ஆனால் துணிக்கும் கோப்பைக்கும் மட்டும் எங்கேயோ இன்னும் மெட்ராஸ்தான். நம் தறியில் நெய்த துணிக்கு அமெரிக்காவிலிருந்து லேபிள் ஒட்டி வந்தால்தான், நம் வீட்டுப் பெண்ணுக்கு அது காற்றோட்டமாக இருக்கும் என்று நமக்கு உறைக்கிறது. கைலி கட்டினவனுக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். இருபத்தெட்டு வருஷம் ஆயிற்று எனக்கு.

பின்குறிப்பு: அந்தப் பெண் ஊருக்குப் போன மறுநாள் குளித்துவிட்டு வந்து அலமாரியைத் திறந்தேன். மடித்து வைத்திருந்த மூன்று புதுக் கைலிகளைக் காணவில்லை.

"டெய்லர்ட்ட கொடுத்திருக்கேன். எதிர் ஆத்து மாமிக்கு ஒண்ணு, மூணாவது மாடிக்கு ஒண்ணு, எனக்கு இன்னொண்ணு" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "தையக்கூலியோட சேர்த்து அறுநூறு ரூபாதான்னா!"

துண்டோடு நின்றுகொண்டிருக்கிறேன். நாலு பேர் என்ன நினைத்துக்கொண்டாலும் சரி.