அறையின் காற்றையும் அளந்து வாருங்கள்

எட்டடி நீளம், நான்கடி அகலம், ஒன்றரை அங்குலக் கனம். முழுத் தேக்கு. சென்னையில் ஓர் அலுவலகத்தின் ஆலோசனை அறைக்கு என் பட்டறையில் செய்துகொடுத்த மேஜை. ஐப்பசியில் இறக்கி வைத்தோம். மாசியில் நடுப்பலகை நெடுக வெடித்துவிட்டது. விரல் நுழையவில்லை, ஏ.டி.எம். அட்டை தாராளமாக நுழைந்தது.

முதலில் மர வியாபாரியைத்தான் திட்டினேன், பச்சை மரத்தைத் தலையில் கட்டிவிட்டார் என்று. பிறகு யோசித்துப் பார்த்தால், அந்தப் பலகைகள் என் கொட்டகையில் ஓராண்டுக்கு மேல் அடுக்கிக் கிடந்தவை. இடையில் ரீப்பர் வைத்து, காற்று புகவிட்டு, முறையாகத்தான் அடுக்கியிருந்தோம். மரம் காய்ந்துதான் இருந்தது. ஆனால் என் கொட்டகைக் காற்றுக்குக் காய்ந்திருந்தது. போன இடத்தின் காற்று வேறு.

இதைக் கணக்காகப் பார்ப்போம். மரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்கு ஏற்ப நீரை வாங்கும், விடும். ஓர் அளவில் வந்து நிற்கும். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டி இருக்கும் மழை மாதங்களில், கொட்டகையில் கிடக்கும் மரம் 15, 16 சதவீத நீரோடு நிற்கும். நாளெல்லாம் ஏசி ஓடும் அறையில் காற்றின் ஈரம் 50க்கு இறங்கினால் அதே மரம் 9 சதவீதம் வரை வற்றும். ஆறு சதவீதம் நீர் போகிறது. ஆண்டு வளையம் பலகையின் முகத்தோடு படுத்து ஓடும்படி அறுத்த தேக்கு, ஒவ்வொரு சதவீதத்துக்கும் அகலத்தில் ஏறக்குறைய 0.19 சதவீதம் சுருங்கும். நான்கடி என்பது 1,220 மில்லிமீட்டர். பெருக்கிப் பாருங்கள்: 13 மில்லிமீட்டருக்கு மேல், அதாவது அரை அங்குலம். வளையம் நிமிர்ந்து நிற்கும்படி அறுத்த பலகையாக இருந்தால் கிட்டத்தட்ட அதில் பாதி. நீளவாக்கில் கணக்கில் கொள்ளும்படி எதுவும் இல்லை.

தேக்கு சுருங்காது என்று நம் தொழிலில் எல்லோரும் சொல்கிறோம், வாடிக்கையாளரும் அதை நம்பித்தான் பணம் தருகிறார். மற்ற பல மரங்களைவிடக் குறைவாகச் சுருங்கும் என்பதுதான் உண்மை. அரை அங்குலம் சுருங்க நினைத்த பலகையை நான் அடிச்சட்டத்தோடு பசை போட்டு, பத்து ஸ்குரூ முடுக்கி இறுக்கி வைத்திருந்தேன். போக வழியில்லாமல் அது வெடித்தது. தவறு முழுக்க என்னுடையது.

எந்தப் பயனுக்கு மரம் எவ்வளவு காய்ந்திருக்க வேண்டும் என்று சொல்லும் இந்தியத் தர நிர்ணயம் ஒன்று உண்டு: ஐ.எஸ். 287. காற்றின் ஆண்டுச் சராசரி ஈரத்தை வைத்து அது நாட்டை நான்கு மண்டலங்களாகப் பிரிக்கிறது. நல்ல வழிகாட்டிதான். ஆனால் மண்டலம் என்பது வெளிக்காற்றைப் பார்த்துப் பிரித்தது. கடற்கரைச் சென்னையின் நடுவில் இருக்கும் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஏழாவது மாடி அந்த நான்கில் எதிலும் சேராது. அதை ஐந்தாவது மண்டலம் என்றே வைத்துக்கொள்ளலாம். நம் ஆர்டர்களில் பாதிக்கு மேல் இப்போது அங்கேதான் போகின்றன.

வீடு இன்னும் சிக்கலானது. படுக்கையறையில் இரவு மட்டும் ஏசி. பகலில் ஜன்னல் திறந்திருக்கும். கூடத்தில் ஏசியே இருக்காது. அதே வீட்டில் குளியலறைச் சுவரை ஒட்டி நிற்கும் அலமாரியின் முதுகு வேறொரு காற்றில் இருக்கிறது. புது வீடு என்றால் கேட்கவே வேண்டாம். பூச்சு வேலையும் தரை வேலையும் முடிந்து சுவர் இன்னும் நீரை விட்டுக்கொண்டிருக்கும்போதே நம்மை உள்ளே இறக்கிவிடுகிறார்கள். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாயிற்று, அதற்குள் முடிக்க வேண்டும். நாமும் தலையாட்டிவிட்டு வேலை செய்கிறோம். மூன்றாம் மாதம் அலமாரிக் கதவு இடிக்கிறது என்று கூப்பிடுகிறார்கள். போய் இழைத்துக் கொடுக்கிறோம். கோடையில் கதவு சுருங்கி இடைவெளி தெரிகிறது. அப்போது கூப்பிடுவதில்லை, வேறு ஆளைத் தேடிப் போய்விடுகிறார்கள்.

அளவெடுக்கப் போகும்போது நாம் என்ன கேட்கிறோம்? நீளம், அகலம், உயரம், மைக்காவின் நிறம், கைப்பிடி, சேனல் எந்த கம்பெனி. அறையில் ஏசி எத்தனை மணி நேரம் ஓடும், வெயில் எந்தப் பக்கம் விழும், சுவர் பூசி எத்தனை மாதம் ஆகிறது என்று கேட்பவர் நூற்றில் ஒருவர் இருந்தால் அதிகம். அறையின் ஈரத்தைக் காட்டும் சின்ன மானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. டேப்போடு அதையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

மரத்தின் ஈரத்தை அளக்கும் ஊசி மீட்டர் ஒரு நல்ல கை பிளேனரின் விலைகூட ஆகாது. ஆனால் வாங்கியவர்களிலும் பலர் பலகையின் முகத்தில் குத்திப் பார்த்துவிட்டு மகிழ்ந்துபோகிறார்கள். முகம் சீக்கிரம் காயும், உள்ளே ஈரம் நிற்கும். முனையிலிருந்து ஓரடியாவது தள்ளி அறுத்து, புதிதாக வெட்டுப்பட்ட பரப்பின் நடுவில் குத்துங்கள். மர வகைக்கு ஏற்ற திருத்தத்தையும் பாருங்கள். மீட்டர் மேல் நம்பிக்கை இல்லையா? வெட்டிய சிறு துண்டைச் சமையலறைத் தராசில் நிறுத்து, 103 டிகிரி சூட்டில் அவனில் வைத்து, எடை மேலும் குறையாமல் நிற்கும்வரை காயவிட்டு, மறுபடி நிறுங்கள். 120 கிராம் துண்டு 104 ஆனால், போன 16ஐ 104ஆல் வகுத்தால் 15.4 சதவீதம். இதைவிட நம்பகமான முறை எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை.

இனி கட்டுமானம். அளந்து தெரிந்துகொண்டாலும் எல்லா மரத்தையும் 9 சதவீதத்துக்குக் கொண்டுவர நம்மில் பலரிடம் சூளை கிடையாது. ஆகவே மரம் அசையட்டும் என்று விட்டுச் செய்வதுதான் வழி. இது புதிதல்ல. பழைய வீடுகளின் சட்டமும் பலகையுமான கதவுகளைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பலகை காடிக்குள் பசையில்லாமல் உட்கார்ந்திருக்கும், சட்டத்தின் மூலைகளில் மட்டும் கழுந்தும் துளையும் இறுகியிருக்கும். பலகை சுருங்கினாலும் விரிந்தாலும் காடிக்குள்ளேயே நடக்கும். சதவீதம் தெரியாமலே அந்தத் தச்சர்கள் செய்துவைத்தார்கள். வேம்பையும் பூவரசையும் குளத்தில் ஊறப்போட்டு எடுத்ததும் இப்படித்தான். மாவுச்சத்து நீரில் கரைந்துபோனால் உளுக்கும் பூச்சி அவ்வளவாக அண்டாது.

மேஜைப் பலகையைச் சட்டத்தில் பொருத்தும்போது ஸ்குரூத் துளையைப் பலகையின் அகலவாக்கில் நீளத்துளையாக எடுங்கள். அல்லது சட்டத்தின் உட்புறம் காடி எடுத்து, அதில் நழுவும் மரக்கட்டைகளைப் பலகையோடு மட்டும் முடுக்குங்கள். நடுவில் ஓர் இடத்தில் இறுக்கினால் போதும், இரு பக்கமும் சமமாக நகரும். முழு மரப் பலகையின் நான்கு பக்கமும் பீடிங் அடித்து மூலையை 45 டிகிரியில் சேர்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பார்க்க லட்சணமாக இருக்கும். பலகை அகலத்தில் சுருங்கும், முனையில் ஓடும் பீடிங் தன் நீளத்தில் சுருங்காது. ஒன்று மூலை வாய் பிளக்கும், இல்லையேல் பலகை வெடிக்கும். முனைக்குப் பட்டி வேண்டும் என்று வாடிக்கையாளர் பிடிவாதம் பிடித்தால், நாக்கும் காடியுமாகச் செருகி, நடுவில் நாலு அங்குலத்துக்கு மட்டும் பசை போடுங்கள்.

பாலிஷ் பற்றி ஒரு வார்த்தை. பி.யூ. ஆனாலும் மெலமைன் ஆனாலும் அது ஈரத்தைத் தடுப்பதில்லை, தாமதப்படுத்தும், அவ்வளவே. மேல்முகத்துக்கு நாலு கோட் அடித்துவிட்டு அடிமுகத்தை வெறும் மரமாக விட்டால் ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் காய்ந்து பலகை வளையும். யாருக்கும் தெரியாத அடிப்பக்கத்துக்கும் கோட் உண்டு. அதற்கான கூலியைக் கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவு தொல்லை எதற்கு, பிளைவுட்டிலேயே முடித்துவிடலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அலமாரிக்கு அதுதான் சரி, நானும் அதைத்தான் சொல்வேன். அடுக்குக்கு அடுக்கு இழை மாற்றி ஒட்டியிருப்பதால் அது அநேகமாக அசையாது. ஈரம் படும் இடத்தில் எம்.ஆர். தரம் போடாமல் ஐ.எஸ். 303இல் உள்ள பி.டபிள்யூ.ஆர். தரமோ, ஐ.எஸ். 710 மரைன் பிளைவுட்டோ போட்டால் போதும். ஆனால் முழு மரம் வேண்டும் என்று கேட்டு வருபவரிடம் பிளைவுட்டின் பழக்கத்தோடு முழு மரத்தைக் கையாள்கிறோம். அங்கேதான் கோளாறு.

கொட்டேஷனில் ‘பர்மா தேக்கு’ என்று எழுதும் கைகளும் கொஞ்சம் தயங்கட்டும். மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டு மர ஏற்றுமதியையே நிறுத்திவிட்டது. இன்று நம் கடைகளில் ஆப்பிரிக்கத் தேக்கும் தென்னமெரிக்கத் தோட்டத் தேக்கும் நிறைய. அவற்றில் இளமரம் அதிகம், வெளிறும் அதிகம். கப்பலில் நெருக்கி அடுக்கி வந்தவை ஈரமாகவும் இருக்கும். அவற்றில் நல்ல மரமே இல்லை என்று நான் சொல்லவில்லை. எங்கிருந்து வந்தது, வைரம் எவ்வளவு, பட்டறையை விட்டுப் போகும் நாளில் ஈரம் எத்தனை சதவீதம் என்று எழுதிக் கொடுத்தால் பிறகு வரும் சண்டையில் பாதி குறையும். ‘அறையில் ஏசி தொடர்ந்து ஓடும் / ஓடாது’ என்று ஒரு வரியைச் சேர்த்து வாடிக்கையாளரிடம் கையெழுத்தும் வாங்குங்கள்.

அந்த மேஜையை நான் என் செலவில் திரும்ப எடுத்து வந்தேன். பலகையைப் பிரித்து, நாலு மாதம் ஏசி அறையிலேயே போட்டு, நீளத்துளை எடுத்துப் பூட்டினேன். அதன் பின் இரண்டு மழைக்காலம் போய்விட்டது. புது வெடிப்பு இல்லை.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஐப்பசியில் உங்கள் பட்டறையில் கிடக்கும் மரத்தை ஒருமுறை அளந்து குறித்து வையுங்கள். பங்குனியில் அதே பலகையை இன்னொரு முறை அளங்கள். ஊர், மர வகை, பலகைக் கனம், இரண்டு அளவு ஆகியவற்றை ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். நாகர்கோவிலிலிருந்து ஓசூர் வரை வரும் எண்களை ஊர்வாரியாக அட்டவணை போட்டுச் சித்திரை இதழில் வெளியிடுகிறோம்.