தலைவிதியும் மின்சார விதியும்

மழைக் காலம் வந்துவிட்டால், ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டவர், கசிவுள்ள மோட்டாரைப் பிடித்தவர் என்று மாண்டவர்களின் செய்தி வராத வருஷம் நம் நாட்டில் இல்லை. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் “எல்லாம் விதி” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். விதிதான் என்று நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால், அது பிரமன் தலையில் எழுதிய விதியல்ல. 1827-ல் ஜெர்மனியில் ஓம் என்பவர் புத்தகத்தில் எழுதி அச்சிட்ட விதியாகும். (ஓம் என்றதும் பிரணவ மந்திரமென்று வைதீகர்கள் மகிழ்ந்துவிட வேண்டாம். அது அவரது குடும்பப் பெயர்.)

அவருடைய தகப்பனார் எர்லாங்கன் நகரத்துப் பூட்டுத் தொழிலாளி. தானாகவே கணிதம் கற்றுத் தம் பிள்ளைகளுக்கும் கற்பித்தவர். நம் மனுதர்மம் அங்கே ஆட்சி செய்திருந்தால் மகனும் பூட்டுத்தான் செய்துகொண்டிருந்திருப்பார்.

அவர் கண்டது இதுதான்: தள்ளுகிற மின்னழுத்தம் கூடினால் மின்னோட்டம் கூடும், தடை கூடினால் குறையும். வோல்ட்டைத் தடையால் வகுத்தால் ஆம்பியர். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். உலர்ந்த தோலின் தடை பல்லாயிரம் ஓம் இருக்கக்கூடும். நனைந்துவிட்டால் சுமார் 1,000 ஓமுக்கு இறங்கிவிடும். வகுத்துப் பாருங்கள், 0.23 ஆம்பியர். இருதயத் துடிப்பைக் குலைக்க இதில் பாதியே போதும். இக்கணக்கு மடாதிபதிக்கும் அவர் மடத்தைக் கூட்டுகிறவருக்கும் ஒன்றேதான். மந்திரம் ஓதிய உடம்பென்று தடை ஒரு ஓம்கூட ஏறாது!

1845-ல் கிர்க்காஃப் என்ற 21 வயது மாணவர் இன்னொரு விதி சொன்னார். ஒரு சந்திப்பில் எவ்வளவு மின்னோட்டம் வந்து சேருகிறதோ அவ்வளவும் வெளியே போயாக வேண்டும். இந்த வரவு செலவுக் கணக்கைப் பார்க்கிற கருவி ஒன்று இன்று கடைகளில் விற்கிறது. போனதற்கும் திரும்பி வந்ததற்கும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் ஏற்பட்டால், அது யாருடைய உடம்பு வழியாகவோ மண்ணுக்குப் போகக்கூடுமென்று கொண்டு கண நேரத்தில் மின்சாரத்தைத் துண்டித்துவிடுகிறது.

கிரகப்பிரவேசப் புரோகிதருக்குத் தட்சிணை கொடுக்கப் பணமிருக்கிறது. இந்தக் கருவிக்கும் எர்த் கம்பிக்கும் மட்டும் இல்லையாம். குடியிருந்தவன் செத்த பிறகு, அவற்றைப் போடாத வீட்டுக்காரரையோ கண்டிராக்டரையோ யாராவது ஒரு வார்த்தை கேட்கிறார்களா? பழியைத்தான் பிரமன்மீது போட்டாகிவிட்டதே! செத்தவன் பாவி, சாகக் கொடுத்தவன் யோக்கியன். தலைவிதித் தத்துவத்தால் லாபம் யாருக்கு என்பது இதிலிருந்து விளங்கவில்லையா?

அக்கருவியில் சோதனைப் பொத்தான் ஒன்று வைத்திருக்கிறார்கள். அழுத்தினால் மின்சாரம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கருவி கெட்டுவிட்டது என்று அர்த்தம். ஆயுத பூசையன்று மீட்டர் பெட்டிக்குச் சந்தனம் பூசுகிற தோழர்கள், கையைத் துடைத்துக்கொண்டு அதை ஒருமுறை அழுத்திப் பார்க்கட்டும்.