மகஜரில் கண்ணீர் இருக்கிறது, திகதி எங்கே?



ஊரில் ஒரு பிரச்சினை என்றால் ஜும்ஆ முடிந்த கையோடு மகஜர் தயார். நூற்றுக்கணக்கில் கையொப்பம், கையளிக்கும் போட்டோ, பேஸ்புக் பதிவு. அதோடு சரி.

அந்த மகஜரை வாசித்துப் பாருங்கள். முதல் பக்கம் நம் முன்னோர் நாட்டுக்குச் செய்த சேவை, அடுத்த பக்கம் வேதனை, கடைசியில் "நீதியைப் பெற்றுத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்". யார், எப்போது, என்ன செய்தார்? நமக்கு என்ன வேண்டும்? அது மட்டும் இல்லை. பதில் சொல்லத் தேவையில்லாத கடிதத்தைக் கொடுத்துவிட்டு, பதில் வரவில்லை என்று அதிகாரியைத் திட்டுகிறோம்.

ஹபாயாவோடு வந்த ஆசிரியையை ஓர் அரச பாடசாலையில் கையொப்பமிட விடவில்லை என்று வையுங்கள். "சமூகத்தின் உள்ளம் புண்பட்டுள்ளது" என்பது அனுதாபத்தைத் தரும், தீர்வைத் தராது. "இன்ன திகதி, இத்தனை மணிக்கு, இன்னார் என்னை வரவுப் பதிவேட்டில் கையொப்பமிட விடவில்லை. தடைசெய்யும் சுற்றுநிருபம் எதுவும் காட்டப்படவில்லை. இது அரசியலமைப்பின் 12, 14ஆம் உறுப்புரைகளை மீறுகிறது. கடமைக்கு அனுமதியுங்கள், மறுத்தால் காரணத்தை எழுத்தில் தாருங்கள்." இதைத் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

திகதி ஏன் முக்கியம்? அடிப்படை உரிமை மீறல் மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது 126ஆம் உறுப்புரை. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் சேராது. 1996இன் 21ஆம் இலக்கச் சட்டம், 13ஆம் பிரிவு. நாமோ அந்த மாதத்தை அரசியல்வாதியின் வாசலில் கழிக்கிறோம்.

"எழுதி என்ன கண்டோம்? ஜனாஸா எரிப்புக்கு எதிரான மனுக்களை 2020 டிசம்பரில் காரணமே சொல்லாமல் தள்ளினார்களே" என்பீர்கள். உண்மை, அந்த வலி ஆறாது. ஆனால் அந்த வாதம் எழுத்தில் பதிவாகியிருக்கிறது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் அன்றே சொல்லியிருந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவையே மன்னிப்புக் கோரியது. வெறும் புலம்பலோடு நின்றிருந்தால் நம்மிடம் என்ன ஆவணம் இருந்திருக்கும்?

சிங்களமோ ஆங்கிலமோ தெரியாது என்றும் ஒதுங்க வேண்டாம். அரச அலுவலகங்களோடு தமிழில் கடிதத் தொடர்பு கொள்ளும் உரிமை 22ஆம் உறுப்புரையில் இருக்கிறது.

அடுத்த முறை யாராவது கையொப்பம் கேட்டு வந்தால் முதலில் வாசியுங்கள். திகதி, சம்பவம், சட்டம், கோரிக்கை நான்கும் இல்லையென்றால், திருத்தி எழுதி வரச் சொல்லி அனுப்புங்கள்.